கோடு கிடைத்துவிட்டது, கலர் இன்னும் கிடைக்கவில்லை

துபாய் அல் கூஸ் பக்கம் ஒரு பாடிஷாப்பில் பெயின்ட் கலக்கும் அறை என் பொறுப்பு. ஊரில் டிங்கரிங் பட்டறையில் உப்புத்தாள் பிடித்துத் தொழில் பழகியவன். அங்கே வந்ததெல்லாம் வெள்ளை, சில்வர், சிவப்பு. கடையில் பெயின்ட் கோடு (கலரின் குறியீடு) சொன்னால் டப்பா வரும். அடித்துக் காயவைத்து அனுப்பிவிடலாம். இங்கே வருகிற ஸ்போர்ட்ஸ் கார் பலவற்றுக்கு அந்தக் கணக்கு செல்லாது. காரின் விலைக்கு மேல் தனியாகப் பணம் கட்டி, தனக்கென்று ஒரு கலரைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் அவர்கள் தூக்கமும் போகும், நம் தூக்கமும் போகும்.

போர்ஷேயில் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பெயின்ட் டு சாம்பிள். பழைய மாடல்களில் வந்து நின்றுபோன கலர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட கலர்களின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். அதிலும் மனம் ஒட்டவில்லையென்றால் பிளஸ் என்று இன்னொரு படி உண்டு. பிடித்த நெயில் பாலிஷைக் கொடுத்து இதே கலரில் கார் வேண்டும் என்றுகூடக் கேட்கலாம். அது காரில் நிற்குமா என்று சோதித்து, மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கித் தருவார்கள். பிஎம்டபிள்யூவில் இண்டிவிஜுவல், லம்போர்கினியில் ஆட் பெர்சோனாம், மெக்லாரனில் எம்எஸ்ஓ என்று ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு தனிச் சமையல் இருக்கிறது.

இங்கே நான் எழுதப்போவது 2018 மாடல் போர்ஷே 911 ஜிடி3 ஒன்றைப் பற்றி. கலர், ரிவியரா புளூ. 90-களில் 911-இன் 993 என்கிற தலைமுறை ஓடிய காலத்துக் கலர் அது. பெயின்ட் டு சாம்பிள் வழியாகத்தான் புதிய கார்களில் திரும்பி வந்தது. பேஸ்மென்ட் பார்க்கிங் தூணில் இடது பக்கம் உரசி, முன் ஃபெண்டரில் ஒரு குழி, பம்பர் மூலையில் ஆழமான சிராய்ப்பு. கதவு தப்பித்துவிட்டது. கார்க்காரர் உள்ளூர் அரபி, நல்ல மனிதர். வந்ததும் கேட்ட முதல் கேள்வியே, "கதவைத் தொடாமல் முடிப்பீர்களா?" என்பதுதான்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த மாதிரிக் கார்களை வாங்க வருகிறவன் கையில் பெயின்டின் கனத்தை அளக்கும் மைக்ரான் மீட்டரோடுதான் வருவான். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனத்தில் இருக்கும். ஒரு பேனலில் 250 காட்டினால் அங்கே வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம், விலை இறங்கும். ஃபெண்டர் மட்டும் என்றால் பார்க்கிங் உரசல் என்று சொல்லிச் சமாளிக்கலாம்; கதவும் சேர்ந்தால் பெரிய அடி பட்ட கார் என்று பேசுவார்கள். பதிலை இப்போது சொல்ல மாட்டேன், கார்டு (சின்னத் தகட்டில் அடிக்கும் கலர் மாதிரி) அடித்து வெயிலில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கலரே பார்க்காமல் "முடியும் சார்" என்று சொல்கிற கடையிலிருந்து காரை உடனே வெளியே எடுத்துவிடுவது நல்லது.

முதல் வேலை கோடு. இத்தகைய கார்களில் கலர் கோடு போட்ட ஸ்டிக்கரை நம்பி உட்கார முடியாது. ஸ்பெஷல் கலர் என்று ஒரு பொதுக் குறியீடு மட்டும் இருக்கலாம், ஸ்டிக்கரே இல்லாமலும் போகலாம். சேசிஸ் நம்பரை டீலரிடம் கொடுத்து, கார் எந்தக் கலரில் பிறந்தது என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கார்க்காரர் வாயால் சொல்கிற பெயரும் போதாது, ஏனென்றால் ரிவியரா புளூவும் பின்னால் வந்த மயாமி புளூவும் போட்டோவில் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். நமக்கு வந்த பதில் 39இ. பெயின்ட் கம்பெனியின் சாஃப்ட்வேரில் அதைத் தட்டினால் ஃபார்முலா வருகிறது. ஒன்றல்ல, பல. அசல் ஒன்று, அதற்குக் கீழே வேரியன்ட்டுகள்: கொஞ்சம் பச்சைச் சாயல், கொஞ்சம் சிவப்புச் சாயல், கொஞ்சம் வெளுப்பு. பெயின்ட் கோடு என்பது தெருப்பெயர் மாதிரி. வீட்டைக் கண்டுபிடிக்கத் தெருவில் இறங்கி நடந்துதான் ஆக வேண்டும்.

ஒரே கோடில் ஏன் இத்தனை வேரியன்ட் என்றால், 993 அடிக்கப்பட்ட காலத்துப் பெயின்டும் 2018-இல் அடிக்கப்பட்ட பெயின்டும் வேறு வேறு பிக்மென்ட் (நிறமி), வேறு வேறு ரெசின் (பிசின்). கம்பெனியில் வேகமாகச் சுழலும் மணி போன்ற கருவி மின்னூட்டம் ஏற்றிய துகளாகப் பெயின்டைத் தூவுகிறது. பிறகு 140 டிகிரி பக்கம் சூட்டில் வேகிறது. நம்மிடம் இருப்பது கையில் பிடிக்கும் ஸ்ப்ரே கன், 60 டிகிரியில் காயவைக்கும் பெயின்ட் பூத். இரண்டிலும் ஒரே ஃபார்முலாவை ஊற்றினாலும் ஒரே கலர் வராது. பம்பர் கதை இன்னும் மோசம். பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் தனியாக அடித்துத்தான் காரில் மாட்டுகிறார்கள். அதனால் புதுக் காரிலேயே பம்பருக்கும் ஃபெண்டருக்கும் மெல்லிய வித்தியாசம் இருப்பது சகஜம். அடிபடாத வலது பக்கத்தில் இதை அவருக்குக் காட்டினேன். அதுவரை அவர் கண்ணில் பட்டதே இல்லை. அன்றைக்குப் பிறகு அவருக்கு அது மட்டும்தான் தெரிகிறது, பாவம்.

கலரை அளக்கும் கேமராவை எடுக்குமுன் காரைத் தயார் செய்ய வேண்டும். இந்த ஊரில் இப்படிப்பட்ட கார் எல்லாமே உடம்பு முழுக்க பிபிஎஃப் என்கிற, பெயின்டைக் காக்கும் ஃபிலிம் ஒட்டித்தான் வரும். வெயில் பட்டு ஃபிலிம் லேசாகப் பழுத்திருக்கும். அதன் மேல் கேமரா வைத்தால் ஃபிலிமின் மஞ்சளையும் சேர்த்துத்தான் அளக்கும், நீலம் பச்சையாகக் காட்டும். கதவு, ஃபெண்டர், பம்பர் மூன்றிலும் ஃபிலிமை எடுத்தோம். சூடு காட்டி, தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுக்க வேண்டும். அந்தப் பேனலில் ஏற்கெனவே ரீபெயின்ட் நடந்திருந்தால் ஃபிலிமோடு கிளியரும் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) உரிந்து வர வாய்ப்புண்டு. ஆகவே உரிப்பதற்கு முன்பே மீட்டர் வைத்துப் பார்த்து, கார்க்காரர் முன்னால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கழுவி, களிமண் பார் போட்டு, பாலிஷ் அடித்தபிறகுதான் அசல் கலர் வெளியே வரும். அழுக்கோடு மேட்ச் செய்தால் அழுக்குக்குத்தான் மேட்ச் செய்ததாகும்.

கேமரா என்று நாங்கள் சொல்வது ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். பல கோணங்களில் ஒளி பாய்ச்சி, திரும்பி வருவதை அளந்து, ஆயிரக்கணக்கான ஃபார்முலாவில் எது பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும். வித்தியாசத்தை டெல்டா இ என்று ஓர் எண்ணாகத் தரும். 1-க்குக் கீழே வந்தால் நல்ல சகுனம். அவ்வளவுதான், சகுனம். அளவை ஃபெண்டரில் அடிபட்ட இடத்துக்குப் பக்கத்தில் எடுக்காமல், கதவில், கலர் போய்ச் சேர வேண்டிய இடத்தில் எடுக்க வேண்டும். சிலர் பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி மிக்ஸிங் ரூமுக்குக் கொண்டுவருவார்கள். 911-இல் அது வலது முன் ஃபெண்டரில் இருக்கிறது. கைக்கு அடக்கமான சாம்பிள்தான். ஆனால் முதலில் அந்த மூடியே ஃபெண்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஃபெண்டர் அலுமினியம் என்பதால் தட்டும் வேலை அதற்கென்று வைத்திருக்கும் தனி டூல்களில் நடந்தது. இரும்புத் தூள் அதில் ஒட்டினால் பின்னால் அரிப்பு கிளம்பும். அந்த வேலை முடிவதற்குள் நான் கார்டுகளைத் தொடங்கிவிட்டேன்.

கார்டு அடிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். உள்ளங்கை அகலத் தகட்டுக் கார்டில், காரில் அடிக்கப்போகும் அதே கன், அதே நாசில், அதே பிரஷர், அதே பிரைமர் நிறத்தின் மேல் அடிக்க வேண்டும். கார்டின் மூலையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். கட்டம் மறையும்வரை எத்தனை கோட் (பூச்சு) போனதோ அத்தனை கோட் காரிலும் போக வேண்டும். இதில் அவசரப்பட்டால் கீழே இருக்கும் சாம்பல் பிரைமர் நீலத்தை அழுக்காக்கும். பேஸ், அதாவது கலர் அடுக்கு, காய்ந்ததும் கிளியர் அடித்து, அதுவும் காய்ந்த பிறகே பார்க்க வேண்டும். கலக்கும் கோலால் கார் மேல் ஒரு சொட்டு தடவிப் பார்க்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தேன். வாட்டர் பேஸ் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், கிளியர் ஏறினால் இன்னொரு நிறம்.

முதல் கார்டு பூத் வெளிச்சத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. கேமராவும் தலையாட்டியது. வெளியே வெயிலிலும் நன்றாக இருந்தது. எங்கள் பையன், ராமநாதபுரத்துக்காரன், கண் கூர்மை. அவன் கார்டை எடுத்துக்கொண்டு போய் ஆபீஸ் ஓரத்தில் மஞ்சள் எல்இடி விளக்கின் கீழ் கதவு மேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "அண்ணே, இங்க வாங்க, செவப்பு அடிக்குதுண்ணே!" போய்ப் பார்த்தால் உண்மைதான். கதவு நீலமாகவே நின்றது. கார்டு ஊதாப் பக்கம் சாய்ந்துவிட்டது.

இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு கலர், வெளிச்சம் மாறினால் பிரிந்துவிடும். புதுசாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் நாள் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். சிவப்பு அடிக்கிறதே என்று ஒரு சொட்டுப் பச்சை விடுவார்கள். விளக்கடியில் சரியாகும், வெயிலில் கெடும். திரும்ப எதையாவது விடுவார்கள், கலர் சேறாகும். எத்தனை சொட்டு விட்டாலும் தீராது, ஏனென்றால் குறை அளவில் இல்லை, ஃபார்முலாவில் இருக்கும் பிக்மென்ட்டில் இருக்கிறது. தாலோ நீலம் என்று நாங்கள் கலக்கும் பிக்மென்ட் இரண்டு முகத்தில் வரும்: ஒன்று பச்சைச் சாயல், ஒன்று சிவப்புச் சாயல். கேமரா பொறுக்கிக் கொடுத்த வேரியன்ட்டில் சிவப்புச் சாயல் நீலத்தைப் போட்டு, அதைச் சமன் செய்யக் கொஞ்சம் பச்சை டோனர் (கலவையில் சேர்க்கும் நிறம்) சேர்த்திருந்தார்கள். பகல் வெளிச்சத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவந்தது, விளக்குக்கு வரவில்லை. பட்டியலில் டெல்டா இ கொஞ்சம் அதிகமாகக் காட்டிய இன்னொரு வேரியன்ட், நேராகவே பச்சைச் சாயல் நீலத்தில் கட்டப்பட்டது. அதை எடுத்தேன். வெயிலில் ஒரு நூல் கருத்திருந்தது; வெள்ளையை 0.1 கிராம் கணக்கில் ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்ததும், எந்த விளக்கடியிலும் முதல் கார்டு மாதிரி கதவை விட்டுப் பிரியவில்லை. எண் குறைவாக இருப்பதாலேயே ஒரு ஃபார்முலாவை எடுக்காதீர்கள்; உள்ளே என்னென்ன டோனர் போகிறது என்று படித்துப் பார்த்து எடுங்கள்.

ஆகவே கார்டைப் பார்க்கும் இடம் முக்கியம். நேர் வெயில், நிழல், சாயங்கால வெளிச்சம், கார் தூங்கும் பார்க்கிங்கில் எந்த விளக்கோ அந்த விளக்கு, எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும். கார்டைப் பேனலோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிப் பிடியுங்கள். விரல் அகலம் தள்ளிப் பிடித்தாலும் கண் ஏமாந்துவிடும். பேனல் எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் பிடியுங்கள். ஆரஞ்சு யூனிஃபார்மோடு நீலப் பேனல் முன்னால் நின்றால் சட்டையின் நிறம் பேனலில் விழும். நான் சாம்பல் கலர் கோட்டுக்கு மாறிப் பல காலம் ஆகிறது. வெறித்துப் பார்க்கவும் கூடாது. முதல் இரண்டு மூன்று விநாடியில் கண் சொல்வதுதான் நிஜம். அதற்கு மேல் கண் அந்தக் கலருக்குப் பழகிப்போய் எல்லாம் சரி என்று சொல்ல ஆரம்பித்துவிடும்.

இப்போது அவர் கேட்ட கதவு விவகாரம். சரியான கார்டு கையில் வந்ததும் அவரை வரவழைத்தேன். பழைய ஃபெண்டர் ஒன்றில் அதே கலரை அடித்து, கதவின் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். நேர் வெயிலில் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கட்டடத்தின் நிழலுக்குக் காரைத் தள்ளி, குனிந்து பக்கவாட்டில் பார்க்கச் சொன்னேன். தெரிந்தது. பெரிதாக இல்லை, ஆனால் தெரிந்தவருக்குத் தெரியும். ஃபெண்டரும் கதவும் ஒரே தளத்தில், ஒரே கோட்டில் ஓடுகிற பேனல்கள். கண் அந்த இடைவெளியின் இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் பார்க்கும். முன் மூடி (பானட்) அப்படியில்லை. அது படுத்த தளம், ஒளி விழும் விதமே வேறு, சின்ன வித்தியாசம் அங்கே கரைந்துவிடும். அதனால் என் முடிவு: மூடியைத் தொடமாட்டேன், கதவில் பிளெண்ட் வேண்டும்.

பிளெண்ட் என்றால் கதவு முழுக்கக் கலர் அடிப்பதில்லை. ஃபெண்டர் முழுக்க நிறைவாகக் கலர். அதை ஒட்டிக் கதவின் முன்பகுதியில் மட்டும் கலரை மெலிதாக்கி மெலிதாக்கி இல்லாமல் ஆக்குவது. கிளியர் மட்டும் கதவு முழுவதும், விளிம்பிலிருந்து விளிம்புவரை. நடுக்கதவில் கிளியரை நிறுத்துகிறேன் என்று எவராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாலிஷில் அந்த ஓரம் அப்போது மறையும், வெயில் பட்டுச் சில காலம் கழித்துக் கோடாகத் தலைதூக்கும். கைப்பிடி, கண்ணாடி, ரப்பர் எல்லாம் கழற்றித்தான் அடிக்க வேண்டும். சுற்றி டேப் ஒட்டி அடித்தால் அங்கே உருவாகும் மேடு ஆயுளுக்கும் காட்டிக்கொடுக்கும். மீட்டரில் கதவு இனிமேல் கூடுதலாகக் காட்டும், ஆனால் கதவின் அசல் கலர் உரிக்கப்படாமல் கீழேயே இருக்கும், வேலைக்கு முன் எடுத்த அளவுகளை உங்கள் கையில் தருகிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் காரைச் சுற்றி நடந்தார். பிறகு சரி என்றார். இன்ஷூரன்ஸ்காரர்தான் அடிபடாத பேனலுக்கு ஏன் கூலி என்று இழுத்தார். கார்டையும் கதவையும் சேர்த்து நிழலில் எடுத்த போட்டோவை அனுப்பினோம். வேலை தொடங்குமுன் அதைக் கேட்டு வாங்குவது சுலபம், முடிந்தபின் கஷ்டம்.

பம்பர்தான் எனக்குக் கூடுதல் கவலை. இடது மூலை அடிபட்டாலும் பம்பர் முழுக்க அடிக்க வேண்டும். அப்படி அடித்தால் வலது ஓரம் கம்பெனிப் பெயின்ட் உள்ள வலது ஃபெண்டரைத் தொடும். அங்கே பிளெண்டுக்கு இடமில்லை, கலர் நேருக்கு நேர் நிற்க வேண்டும். கதவுக்குச் செய்த அத்தனை கார்டு வேலையும் இங்கேதான் பலன் கொடுத்தது. பம்பரைக் கழற்றிக் காரில் இருக்கும் அதே நிலையில் ஸ்டாண்டில் மாட்டி, ஃபெண்டரோடு ஒரே கலவையில், ஒரே நேரத்தில் அடித்தோம். பம்பரைப் படுக்கப்போட்டு அடிப்பது எளிது. ஆனால் அடிக்கும் பூச்சின் ஈரம் மாறும், கலரும் மாறும். இங்கே கோடையில் காற்றிலேயே ஈரம் பிசுபிசுக்கும், வாட்டர் பேஸ் காய அடம்பிடிக்கும். சூட்டைக் கூட்டி ஜெயிக்க முடியாது, காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

ரிவியரா புளூ சாலிட் கலர், அந்த வகையில் தப்பித்தோம். மெட்டாலிக் என்றால் கதை வேறு. வேறொரு கடையில் பெயின்ட் கோடு மட்டும் பார்த்து அடித்துக்கொண்டு வந்த சில்வர் 911 ஒன்று எங்களிடம் வந்தது. நேராக நின்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது. நாலடி நகர்ந்து பக்கவாட்டில் பார்த்தால் பின் பேனல் மட்டும் கரி பூசியது போல் இருந்தது. மெட்டாலிக்கில் அலுமினியச் செதில்கள் எப்படிப் படுத்திருக்கின்றன என்பதில்தான் கலரே இருக்கிறது. ஈரமாக அடித்தால் கருக்கும், உலர்வாகத் தூவினால் வெளுக்கும். செதிலின் பருமன் தவறினால் நேர்ப்பார்வை ஒத்தாலும் பக்கப்பார்வை ஒருநாளும் ஒத்துவராது. 911-இன் பின் பேனல் கூரைக்கால்வரை ஒரே தகடாக ஏறுவதால் கிளியரை நிறுத்த இடமில்லாமல் கூரை ஓரம் முழுக்க, முன் கண்ணாடிக் கால்வரை கொண்டுபோக வேண்டியதாயிற்று. மாஸ்டாவின் சோல் ரெட் கிரிஸ்டல், கோடு 46வி, போன்ற மூன்றடுக்குக் கலர்களில் நடு அடுக்கு கண்ணாடி போன்ற சிவப்பு. ஒரு கோட் கூடினால் கருஞ்சிவப்பு, குறைந்தால் ஆரஞ்சு. அதற்கு ஒரே கார்டில் படிப்படியாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கோட் அடித்து, எந்தப் படி காரோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கன்னைத் தூக்க வேண்டும். மேட் ஃபினிஷ் காரென்றால் பாலிஷுக்கும் இடமில்லை, ஒரு தூசி விழுந்தாலும் முழுப் பேனலும் திரும்ப. அந்த வேலைக்கு நான் விலையைக் கூட்டித்தான் சொல்வேன், வெட்கமே இல்லாமல்.

கார் வைத்திருப்பவர்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு: கார்டு அடித்துக் காட்டுவீர்களா, எந்தப் பேனலில் பிளெண்ட் எடுப்பீர்கள்? முதல் கேள்விக்கே முகம் சுளித்தால் இரண்டாவது கேள்விக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் சேசிஸ் நம்பரை வைத்து டீலரிடம் வாங்கிய கலர் விவரத்தை இப்போதே, அடிபடுவதற்கு முன்பே, எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்த ஜிடி3-ஐக் கொடுத்தபோது ஒரு கவரையும் சேர்த்துக் கொடுத்தேன். உள்ளே கடைசிக் கார்டு. அதன் முதுகில் ஃபார்முலாவின் வேரியன்ட், நான் கூட்டிய வெள்ளையின் எடை, கன், பிரஷர், கோட் எண்ணிக்கை, பிரைமரின் சாம்பல் நிறம். கூடவே கதவின் பழைய மைக்ரான் அளவுகளும் போட்டோவும். அடுத்தது எந்தக் கடையாக இருந்தாலும் அங்கிருந்து தொடங்கலாம். அன்றைக்கே ஃபிலிம் ஒட்டிவிடலாமா என்று கேட்டார். புதுக் கிளியர் உள்ளிருக்கும் சால்வென்ட்டை வெளியேற்றி முடிக்கவில்லை, ஒரு மாதமாவது பொறுங்கள், அதுவரை தூண் இருக்கிற பக்கம் நிறுத்தாதீர்கள் என்றேன்.